சோர்வைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள்

சிறுவாணிச் சாலையிலும் தொண்டாமுத்தூரைச் சுற்றியுள்ள தோட்டத்து வழித்தடங்களிலும் விடிவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கும் இளையோரைக் காணலாம். சிலர் மாவட்டத் தடகளப் போட்டிக்கு ஆயத்தமாகின்றனர். சிலர் காவலர் தேர்வுக்காக 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கடக்கப் பழகுகின்றனர். வேறு சிலர் இராணுவத் தேர்வையோ ஆண்டுதோறும் நடைபெறும் கோயம்புத்தூர் மாரத்தானையோ மனத்தில் கொண்டுள்ளனர். இவர்களுள் ஒரு பகுதியினர் சில மாதங்களுக்குப் பின் பெற்றோருடன் எங்களைக் காண வருகின்றனர். அவர்கள் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே: முன்போல் ஓட முடியவில்லை, கால்கள் கனக்கின்றன, இவ்வளவு களைத்தும் இரவில் உறக்கம் வருவதில்லை.

உடன் வரும் பெற்றோர் கைப்பேசியைக் காரணமாகக் காட்டுவர். பயிற்சியாளர் மனவுறுதி குறைந்துவிட்டது என்று கூறியிருப்பார். இவற்றைக் கேட்டுக் கேட்டு, தான் சோம்பேறியாகிவிட்டோம் என்று அந்தப் பிள்ளையே நம்பத் தொடங்கியிருக்கும். இந்த நம்பிக்கையையே நான் முதலில் மறுக்க விரும்புகிறேன். நெடுந்தூரம் ஓடும் இளையோரின் நீடித்த சோர்வு குணக்குறை அன்று. காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறி. கண்டிப்பதால் காய்ச்சல் தணிவதில்லை, சோர்வும் அவ்வாறே. அதன் காரணத்தைத் தேட வேண்டும். தேடும்போது நாங்கள் அடிக்கடி காண்பவை மூன்று: குறைந்த உறக்கம், போதாத உணவு, இரும்புச்சத்துக் குறைவு. பல வேளைகளில் இம்மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும்.

இருபுறமும் சுருங்கும் இரவு

13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. நம் ஊரிலிருந்து நேரு விளையாட்டரங்கத்துக்குப் பயிற்சிக்குச் செல்லும் ஒரு மாணவரின் நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். விடியற்காலை 5.30 மணிக்கு ஓடுதளத்தில் நிற்க 4 மணிக்கு எழ வேண்டும். மாலையில் பள்ளியின் சிறப்பு வகுப்பு, அதன்பின் தனிப்பயிற்சி வகுப்பு, இரவுணவு, வீட்டுப்பாடம் என முடித்துப் படுக்கும்போது மணி 11 ஆகிவிடும். எஞ்சுவது 5 மணி நேரம்.

இரவு 8 மணிக்கே உறங்கச் சொல்வதும் எளிய தீர்வு அன்று. பதின்ம வயதில், உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சிறுவயதைக் காட்டிலும் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. முன்னிரவில் உறக்கம் வராமை அந்த வயதின் இயல்பு, பிடிவாதம் அன்று.

குறைந்த உறக்கத்தின் விளைவு அளந்தறியப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 112 பள்ளி விளையாட்டு மாணவர்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியோர் காயமடையும் வாய்ப்பு 1.7 மடங்காக இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர்கள் 11 பேர் சில வாரங்கள் நாள்தோறும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்க முயன்றனர். அவர்களது விரைவோட்ட நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5 நொடியாகக் குறைந்தது. சிறிய ஆய்வே எனினும், உறக்கமும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதை அது காட்டுகிறது.

உடல் களைத்தும் உறக்கம் வராதது ஏன் என்று பலர் வினவுகின்றனர். இரவு 8 மணி வரை கடுமையாக ஓடினால் உடல்வெப்பமும் விழிப்பூட்டும் ஹார்மோன்களும் தணியச் சில மணி நேரமாகும். கோடைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். அரைவயிற்றுடன் படுத்தாலும் உறக்கம் கலையும். மாலை 6 மணிக்குக் குடித்த காபியில் உள்ள காஃபினில் ஏறத்தாழப் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் தங்கியிருக்கும். கைப்பேசிக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அது ஒன்றே குற்றவாளி அன்று.

இங்கு என் கருத்தை ஒளிவின்றிக் கூறுகிறேன். விடியற்காலைப் பயிற்சி, இரவு நேரத் தனிப்பயிற்சி வகுப்பு ஆகிய இரண்டையும் வாரம் முழுதும் ஒரே பிள்ளையின்மேல் சுமத்துதல் தகாது. இரவு வகுப்பு உள்ள நாளின் மறுநாள் விடியற்காலை ஓட்டம் வேண்டா. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையிலும், மற்ற நாள்களில் பள்ளி முடிந்தவுடன் மாலை வெளிச்சத்திலும் பயிற்சியை அமைக்கலாம். ஒரு நாள் முழு ஓய்வு அளிக்கலாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியிலோ அரசுப் பணியிலோ இடம் கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பு எளிய குடும்பங்களுக்கு எத்துணைப் பெரிது என்பதை நான் அறிவேன். அந்த எதிர்பார்ப்பைக் காக்கவே இதனைக் கூறுகிறேன்.

ஓட்டத்துக்கு ஈடாகாத உணவு

இரண்டாவது காரணம் உணவு. விடியற்காலையில் வெறும் வயிற்றுடன் 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு, குளித்து, இரண்டு இட்லியுடன் பேருந்தைப் பிடிக்கும் பிள்ளைக்கு அன்றைய ஆற்றலில் பெரும்பகுதி கடனாகவே நிற்கிறது. உடல் அக்கடனை அடைக்க மற்றச் செலவுகளைச் சுருக்கிக்கொள்ளும். மாதவிடாய் தவறும், எலும்பு வலுவிழக்கும், உறக்கமும் மனநிலையும் கெடும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இந்நிலையை ஆற்றல் பற்றாக்குறை நோய்த்தொகுதியாக வரையறுத்தது. அது ஆண்களையும் தாக்கும்.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கெய்ன் 17 வயதிலேயே 2013 உலகத் தடகளப் போட்டியில் ஓடியவர். எடையைக் குறைக்குமாறு தம்மை வற்புறுத்தியதால் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றதாகவும், ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் 2019இல் அவர் வெளிப்படையாகக் கூறினார். மெலிந்தால் வேகம் கூடும் என்னும் எண்ணம் நம் திடல்களிலும் உண்டு. ஆகவே அவரது பட்டறிவு நமக்கும் உரியது.

நம் மாநிலத்தில் உணவின் அருமையை உணர்த்தியவர் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து. தோகாவில் 2019 ஆசியப் போட்டியின் 800 மீட்டரில் முதலிடம் பெற்றபின், தாம் உண்ண வேண்டும் என்பதற்காகத் தம் தந்தை மாட்டுத் தீவனத்தை உண்டதை அவர் கூறியபோது நாடே கலங்கியது. பின்னர் ஊக்கமருந்துச் சோதனையில் நான்ட்ரோலோன் கண்டறியப்பட்டதால் அப்பதக்கம் பறிக்கப்பட்டு, அவருக்கு 4 ஆண்டுத் தடையும் விதிக்கப்பட்டது. தாம் தடைசெய்யப்பட்ட மருந்து எதையும் உட்கொண்டதில்லை என்று அவர் மறுத்தார். அந்த வழக்கை எடைபோடுவது இங்கு என் நோக்கம் அன்று. ஆயினும் ஒரு விதியைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்: உடலில் என்ன இருந்தாலும் அதற்கு விளையாடுபவரே பொறுப்பு. எனவே சோர்வு நீங்கும் என்று யாரோ தரும் பெயர் தெரியாத மாவு, ஊசி, மாத்திரை எதையும் ஏற்காதீர்கள்.

நல்ல உணவு நம் அடுக்களையிலேயே உள்ளது. ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம் போதும். ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் கம்பங்கூழோ சந்தகையோ வயிறாரக் கிடைக்க வேண்டும். உடன் முட்டையோ சுண்டலோ இருத்தல் நன்று. கொள்ளுப் பருப்பு, முருங்கைக்கீரை, எள், வாய்ப்பிருந்தால் ஈரல் ஆகியவற்றை வாரந்தோறும் சேர்க்கலாம்.

இரத்தத்தில் குறையும் இரும்பு

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. நெடுந்தூர ஓட்டம் இக்குறையை மிகுவிக்கும். பாதம் தரையில் மோதும்போது சிவப்பணுக்கள் சில சிதைகின்றன. வியர்வையிலும் குடல்வழியிலும் சிறிது இரும்பு வெளியேறுகிறது. கடும் பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் உயர்ந்து, குடல் இரும்பை ஈர்ப்பதைத் தடுக்கிறது.

ஹீமோகுளோபின் சரியாக இருப்பதாலேயே இரும்பு போதுமானது என்று முடிவு செய்யக் கூடாது. சேமிப்பில் உள்ள இரும்பே முதலில் தீரும். ஹீமோகுளோபின் பின்னரே குறையும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்னும் இரத்தப் பரிசோதனை. சோர்வுடன் வரும் ஓட்டக்காரருக்கு இவ்விரண்டையும் பார்ப்பது முறை. எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. ஆதலால் பரிசோதிக்காமல் மாதக்கணக்கில் மாத்திரை உட்கொள்ள வேண்டா. மாத்திரை தேவைப்படும் சிலருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பதே போதும். மாத்திரையோடும் உணவோடும் தேநீர், காபி அருந்தினால் இரும்பு உடலில் சேர்வது குறையும்; நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதற்குத் துணைபுரியும்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், எழுந்தவுடன் ஒரு நிமிட நாடித்துடிப்பு, ஓடிய தூரம், பெண்களாயின் மாதவிடாய் நாள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். வழக்கத்தைவிட நாடித்துடிப்பு தொடர்ந்து சில நாள்கள் உயர்ந்திருந்தால் ஓட்டத்தைக் குறையுங்கள். இரண்டு வாரம் பயிற்சியைக் குறைத்து, உறக்கத்தையும் உணவையும் சீராக்கியும் தெம்பு திரும்பாவிடின், அக்குறிப்பேட்டுடன் மருத்துவரிடம் வாருங்கள். தைராய்டு, நீரிழிவு, நெடுநாள் தொற்று, மனச்சோர்வு ஆகியவற்றையும் நாங்கள் ஆராய வேண்டியிருக்கும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருத்தல் கூடாது. ஓடும்போது மயங்குதல், நெஞ்சுவலி, ஒழுங்கற்ற படபடப்பு, கறுத்த சிறுநீர் ஆகியவை தோன்றினால் அன்றே வாருங்கள். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தால் அதைத் தவறாது கூறுங்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராதிருத்தலும், ஓரிடத்தில் நீங்காத எலும்புவலியும் காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டியவை. காய்ச்சல் உள்ள நாளில் ஓடவே கூடாது. அது இதயத் தசையைப் பாதிக்கக்கூடும்.

பெற்றோரே, பயிற்சியாளர்களே, பிள்ளை தனக்கு முடியவில்லை என்று கூறும்போது அச்சொல்லை முதலில் நம்புங்கள். அடுத்த வாரம் மாவட்டப் போட்டியே இருந்தாலும் அன்று இரவு அப்பிள்ளையை உறங்க விடுங்கள், காலையில் எழுப்பாதீர்கள். ஒரு போட்டி தவறினால் மறு ஆண்டு ஓடலாம்.