கருந்துளைப் பீதியும் கம்பி இணைப்பும்

"உலகம் அழியப் போகிறது!" 2008 செப்டம்பரில் தொலைக்காட்சிகள் இப்படித்தான் முழங்கின. ஜெனீவா நகருக்கருகே, மண்ணுக்கடியில் 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கம். அதிலே செர்ன் ஆய்வுக்கூடம் புரோட்டான்களை ஒன்றோடொன்று மோதவிடுமாம். நுண்ணிய கருந்துளை பிறக்குமாம். அது பூமியை விழுங்கி ஏப்பம் விடுமாம்!

இந்தப் பீதி வியாபாரத்துக்கு விலை என்ன தெரியுமா? மத்தியப் பிரதேசத்தில் 16 வயதுப் பெண்ணொருத்தி, இச்செய்திகளைப் பார்த்து அஞ்சி உயிரை மாய்த்துக் கொண்டாள் என்று அவள் தந்தை கூறினார். எந்திரம் ஓடிற்று, பூமி இருக்கிறது, போன உயிர் திரும்பவில்லை.

அதற்காக, தோழர்களே, கேள்வி கேட்டவர்களையெல்லாம் மூடர்கள் என்று ஏசலாமா? கூடாது! பொதுப்பணத்தில் நடக்கும் வேலை. ஆபத்து உண்டா என்று கேட்க எவருக்கும் உரிமையுண்டு. அமெரிக்காவில் ஹவாய் நீதிமன்றத்தில் வழக்கே தொடுத்தனர், அது தள்ளுபடியாயிற்று. 2003-லும் 2008-லும் அறிவியலாளர்கள் ஆராய்ந்து அறிக்கை தந்தனர்.

பதில் என்ன? விண்ணிலிருந்து காஸ்மிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தை ஓயாமல் தாக்குகின்றன. அவற்றுள் வலியவை இந்த எந்திரத்தின் மோதலையும் மிஞ்சியவை. 450 கோடி ஆண்டுகளாக இந்த அடி விழுகிறது, பூமி அசையவில்லை!

"கதிரால் பிறப்பது வேகத்தில் பூமியைத் துளைத்துப் பறந்துவிடும், எந்திரத்தில் பிறப்பது இங்கேயே தங்கிவிட்டால்?" நியாயமான கேள்வி! அதற்கும் விடையுண்டு. வெண்குறு விண்மீன்களும் நியூட்ரான் விண்மீன்களும் அளவிலா அடர்த்தி கொண்டவை. பாய்ந்து வருவதையும் தடுத்து நிறுத்தக் கூடியவை. அவற்றையும் அதே கதிர்கள்தாம் தாக்குகின்றன. அவை அழியாமல் நிற்கின்றனவே! 2010 முதல் நடந்த மோதல்களில் கருந்துளையைத் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் விபத்தே நடக்கவில்லையா? நடந்தது! 2008 செப்டம்பர் 10-இல் எந்திரம் தொடங்கிற்று. ஒன்பதாம் நாள், இரு காந்தங்களுக்கிடையே ஒரு மின் இணைப்பு பழுது. தீப்பொறி பறந்தது, டன் கணக்கில் ஹீலியம் பீறிட்டது, ஐம்பதுக்கு மேற்பட்ட காந்தங்களைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. ஓராண்டுக்கு மேல் வேலை நின்றது. சுரங்கத்தில் அப்போது ஆளில்லை; அதனால் உயிர்ச்சேதமில்லை.

கருந்துளைக்கு நடுங்கிய உலகம் கம்பி இணைப்பைக் கவனிக்கவில்லை! ஆலையிலே உழைப்பவனுக்கு இது புதிதா? தேய்ந்த வால்வும் தளர்ந்த இணைப்பும் தலைப்புச் செய்தியாவதில்லை. ஆளைக் கொல்வது அவைதாம்.

ஆகவே, அறிவியலைக் கண்டு அஞ்சாதீர்! அறிவியலாளரைக் கேள்வி கேட்கவும் தயங்காதீர்! அறிக்கையை வெளியிடு, வெளியாரைக் கொண்டு சோதி, உள்ளே இறங்கும் தொழிலாளிக்குக் காப்புக் கொடு என்று கேட்போம். பீதி விற்பவனிடம் மட்டும் ஏமாற மாட்டோம்!