வலிக்கு மாத்திரை உண்டு, கேட்பதற்குக் காது உண்டா?

மணிமுத்தாறு என்றால் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு அணையும் அருவியும்தான் நினைவு வரும். நமக்கோ அது காக்கி உடுத்தியவர்களின் ஊர். சிறப்புக் காவல் படையின் 9ஆம், 12ஆம் பட்டாலியன்கள் இருப்பது அங்கேதான். மாவட்டமெங்கும் ராணுவத்துக்குப் போய்த் திரும்பியவர்களும் உண்டு. தமிழகத்திலிருந்து போனவர்களில் 1987இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு. 1999இல் கார்கில் பனியில் நின்றவர்கள் உண்டு. இவர்களில் சிலருக்கு முதுகு வலி ஓயவில்லை, மனமும் நோயுற்றுவிட்டது. அவர்களைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

இரண்டும் ஒருவரிடமே சேர்ந்துவிட்டால் என்ன நடக்கிறது? “புத்தி சரியில்லாதவன், அப்படித்தான் சொல்லுவான்” என்று வீட்டார் ஒதுக்குகிறார்கள். டாக்டரோ மனநோய்ச் சீட்டைப் பார்த்த கணத்திலேயே முதுகைப் பார்க்க மறந்துவிடுகிறார். யாரோ தன் உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவதாக ஒருவர் சொன்னால், அவர் சொல்லும் காரணம் பிரமையாக இருக்கலாம். வலியும் பிரமையா? கடும் மனநோய் கொண்டவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டு முன்னதாகவே சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாவுக்குப் பெரும்பாலும் காரணம் மனநோயல்ல; கவனிக்கப்படாமல் போன உடல் நோய்!

கேட்க ஆளில்லாதவன் மருந்துக் கடைக்குப் போகிறான். இங்கே ஒரு எச்சரிக்கை, தோழர்கள் மனத்தில் இருத்த வேண்டியது. மனநோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர், டைக்ளோஃபினாக், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தானாக வாங்கி விழுங்கினால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். பார்ப்பவன் “குடித்துவிட்டு வந்திருக்கிறான்” என்பான். உண்மையில் அது நஞ்சேறிய உடல். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியவர்.

மாத்திரை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாத்திரை மட்டும் போதாது என்கிறோம். நெடுநாள் வலியில், புண் ஆறிய பின்னும் நரம்பும் மூளையும் அபாய மணியை அடித்துக்கொண்டே இருக்கும். பயமும் தூக்கமின்மையும் தனிமையும் அந்த மணியை இன்னும் ஓங்கி அடிக்கும். அங்கேதான் பேச்சு வைத்தியம் உதவுகிறது. வலி குறைந்த நாளில் வயலில் முழு வேலையும் செய்துவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பவரிடம், வலியைப் பார்த்து நிறுத்தாதே, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்து என்று பழக்குகிறார்கள். “இந்த வலி என்னைத் தீர்த்துவிடும்” என்ற நினைப்பை எடுத்து வைத்து, அது சரிதானா என்று அவரோடு சேர்ந்து ஆராய்கிறார்கள். கடும் மனநோய் உள்ளவருக்கு வேளை சுருக்கமாக, ஒன்றையே திரும்பத் திரும்ப, வீட்டாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். மனநோய் மருந்தை நிறுத்தவே கூடாது.

இது நேற்று முளைத்த நாகரிகமல்ல. முதல் உலகப் போரில் மனம் உடைந்த அதிகாரிகளை ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் பேச வைத்துத் தேற்றியவர் டாக்டர் ரிவர்ஸ். அவர் வேறு யாருமல்ல, நம் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி 1906இல் நூல் எழுதியவர்தான்! ஆனால் அங்கும் அதிகாரிக்குப் பேச்சு; சாதாரணச் சிப்பாய்க்கோ பல இடங்களில் மின்சார அதிர்ச்சி. வர்க்க பேதம் வைத்தியத்திலும் விடவில்லை.

இதை மந்திரமென்று விற்கவும் மாட்டோம். 2020இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழு, வலியும் மனத் துன்பமும் சிறிதளவே குறைகின்றன என்றுதான் கண்டது. கடும் மனநோய் உள்ளவர்களைப் பெரும்பாலான ஆய்வுகள் சேர்ப்பதே இல்லை என்பது வேறு கதை. இருந்தாலும் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறை இதற்கென்று ஆட்களைப் பயிற்றுவித்து அமர்த்தியிருக்கிறது. சிறிதளவு என்றாலும், தானே எழுந்து கடைத்தெருவரை நடக்க முடிகிறவனுக்கு அது சிறிதல்ல.

நம் நாட்டில் என்ன தடை? முதல் தடை பென்ஷன். “நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை” என்று மருத்துவக் குழு ஒரு வரி எழுதிவிட்டால் டிசபிலிட்டி பென்ஷன் போயிற்று. வேறு பென்ஷனும் இல்லையென்றால் ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்திலும் பொதுவாக இடமில்லை. நோயைக் காட்டி வெளியே அனுப்பியவர்களே அந்த நோய்க்கு மருந்து தர மறுக்கிறார்கள்! சேரும்போது இல்லாத நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டுவது சர்க்காரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. மனச்சிதைவு என்று வெளியேற்றப்பட்ட ஒரு வீரரின் வழக்கில், காரணம் சொல்லாத மருத்துவக் குழுவின் முடிவு செல்லாது என்று 2025இலும் சொன்னது. தீர்ப்பு இருக்கிறது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு எத்தனை பேர் டில்லி வரை போவார்கள்?

காவல் படையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு ஈ.சி.எச்.எஸ். கிடையாது. அவருக்கும், பென்ஷன் இழந்த சிப்பாய்க்கும், மலையில் கூடை சுமந்து இடுப்பொடிந்த மாஞ்சோலைத் தொழிலாளிக்கும் உள்ளது சர்க்கார் ஆஸ்பத்திரிதான். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோய்க்கும் உடல் நோய்க்கும் சிகிச்சையில் பேதம் கூடாது என்கிறது. ஆகவே நாம் கேட்பது தயவு அல்ல. அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாள், மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் வந்து உட்கார வேண்டும். வலிக்காரரையும் மனநோய்க்காரரையும் ஒரே அறையில், நெல்லைத் தமிழில் கேட்க வேண்டும். கிளைக் கூட்டங்கள் இதைத் தீர்மானமாக்கிக் கலெக்டருக்கு அனுப்பட்டும். அதுவரை 14416 என்ற இலவச டெலிமானஸ் எண்ணைப் படிப்பகப் பலகையில் எழுதி வையுங்கள். மருந்துச் சீட்டு அத்தனையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு அவரோடு ஒரு தோழர் போய் வரட்டும்.