காற்றுப் பிரிந்ததா என்று ஏன் கேட்கிறோம்?

வயிற்று அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் காலை நாங்கள் கேட்கும் முதல் கேள்வியே பலரைக் கூச வைக்கிறது: "காற்றுப் பிரிந்ததா?" உறவினர் சூழ நிற்கும்போது, குறிப்பாகப் பெண்கள், பதில் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்துவிடுகிறார்கள். சீக்கிரம் உணவு கிடைக்கும், வீடு திரும்பலாம் என்ற ஆவலில், பிரியாததைப் பிரிந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. அந்தச் சொல்லை நம்பி உணவு கொடுத்தால், அசையாத குடலில் அது தேங்கி வாந்தியாகிறது. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

குடல் தானாக நெளிந்து உணவை முன்னே தள்ளும் உறுப்பு. அறுவையின்போது அதைத் தொட்டு நகர்த்த வேண்டியிருக்கிறது. முதல் சில மணி நேரம் நரம்புகளே அதன் அசைவை அடக்கி வைக்கின்றன. பிறகு தொடங்குவது அழற்சி. குடலின் தசைச் சுவரில் எப்போதும் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் செல்கள் தூண்டப்பட்டு வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன, இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன, தசை சோர்கிறது. இது கிருமித் தொற்று அன்று. கத்தி படாத பகுதியும் சேர்ந்து ஓய்ந்துவிடுவதுதான் வியப்பு. பெரும்பாலும் சிறுகுடல் ஒரு நாளுக்குள்ளும், இரைப்பை ஓரிரு நாளிலும் மீள்கின்றன. பெருங்குடலுக்கு ஏறக்குறைய மூன்று நாள் ஆகலாம். காற்றுப் பிரிவது அது விழித்துக்கொண்டதற்கான அடையாளம்.

மார்ஃபின் வகை வலி மருந்துகளும் குடலை மந்தமாக்கும். அதற்காக வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. பாராசிட்டமால் போன்றவற்றைச் சேர்த்துக் கொடுத்து மார்ஃபினின் அளவைக் குறைக்க முடியும்.

காற்றுப் பிரியும்வரை எல்லோரையும் பட்டினி போடும் பழைய வழக்கத்தை நாங்கள் ஆதரிக்கவில்லை. டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் 1990-களில் முன்வைத்த விரைவு மீட்பு முறைக்குப் பிறகு, பல அறுவைகளில் முன்னதாகவே நீரும் மென்மையான உணவும் தொடங்குகிறோம். ஆனால் பித்தப்பை அறுவையும் குடலை வெட்டி இணைத்த அறுவையும் ஒன்றல்ல. பக்கத்துப் படுக்கைக்காரர் இட்லி சாப்பிடுகிறார் என்பதற்காக வீட்டுக் கஞ்சியை ஒளித்துக் கொடுக்காதீர்கள்.

நடக்கச் சொல்கிறோம். நடை மட்டுமே குடலை எழுப்பிவிடும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. நுரையீரலுக்கும் காலில் இரத்தம் உறையாமல் இருப்பதற்கும் அது அவசியம். வயிறு உப்பிக்கொண்டே போனாலோ, பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலோ, வலியும் காய்ச்சலும் கூடினாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். காற்றுப் பற்றியும் அவரிடம் தனியாகச் சொல்லலாம்.

காபிப் பிரியர்களுக்கு ஒரு செய்தி: பெருங்குடல் அறுவைக்குப் பின் காபி குடித்தவர்களுக்கு, வெந்நீர் குடித்தவர்களைவிடச் சில மணி நேரம் முன்னதாக மலம் கழிந்ததாக ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்டனர். முதல் டம்ளருக்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.