முதல் வாசிப்பு என்னும் மாயை

இக்காலத்து வாசகர் பலரிடம் ஓர் ஏக்கம் குடிகொண்டிருப்பதைக் காண்கிறோம். தமக்கு மிகவும் பிடித்த நூலைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அதை அடியோடு மறந்துவிட்டு, முதன்முறையாக மீண்டும் படிக்க வாய்த்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!" என்று பெருமூச்செறிகின்றனர். கேட்பதற்கு இனிய சொல்தான். நூலின் மீதுள்ள காதலின் வெளிப்பாடு போலவும் தோன்றும். ஆயினும், சற்றே ஆராய்ந்து பார்த்தால் இந்த ஏக்கம் நூலுக்கும் நீதி செய்யவில்லை, வாசகனுக்கும் நீதி செய்யவில்லை என்பது புலப்படும்.

முதலில் ஒன்று கேட்போம். முதல் வாசிப்பில் இருந்து, இரண்டாம் வாசிப்பில் இல்லாமற் போவது எது? "அடுத்து என்ன நடக்கும்?" என்னும் ஆவல் ஒன்றே. அந்த ஆவல் மட்டுமே ஒரு நூலின் உயிர் என்றால், அந்நூல் விடை தெரிந்த விடுகதைக்கு ஒப்பாகும். விடை தெரிந்த விடுகதையை எவரும் மறுபடி நாடுவதில்லை. ஆனால் பெருநூல்கள் விடுகதைகள் அல்லவே!

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்வோம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களாக, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடியது அது. அதனைக் கேட்க அமர்ந்தவர்களில் அந்த வரலாற்றை அறியாதவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஹிஜ்ரத் இனிதே நிறைவேறுமா என்ற ஐயத்தோடு எவரும் கேட்டிரார். முடிவு தெரிந்தவர்களுக்காகவே புலவர் பாடினார். கம்பன் நிலையும் இதுவே. இராமன் கதை தெரியாதவர்க்காகவா அவன் பதினாயிரம் பாடல்களைப் பாடினான்? புதுமை கதையில் இல்லை, சொல்லும் திறத்திலும் அதைக் கேட்கும் உள்ளத்திலும் இருக்கிறது என்பதை அக்காலத்துப் புலவரும் அறிந்திருந்தனர்; கேட்டோரும் அறிந்திருந்தனர்.

சீறாவிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். 'மானுக்குப் பிணை நின்ற படலம்' பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. வேடனின் வலையில் சிக்கிய பெண்மான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவதாக வாக்களிக்கிறது. அதற்காக நாயகம் (ஸல்) அவர்கள் வேடனிடம் பிணை நிற்கின்றார்கள். மான் சொன்னபடியே திரும்பி வருகிறது. முதன்முறை படிக்கும் சிறுவனின் நெஞ்சு, மான் வருமா வராதா என்றே துடிக்கும். அது நல்ல துடிப்புத்தான்; இல்லை என்பார் யார்? ஆனால் அந்தத் துடிப்பில் அவன் கவனியாமல் கடந்து சென்றவை எத்தனை! 'பிணை' என்னும் சொல் ஜாமீனுக்கும் பெயர், பெண்மானுக்கும் பெயர் என்பதை அவன் எண்ணிப் பார்த்திருப்பானா? பிணைக்குப் பிணை நின்ற அழகு, மான் திரும்பி வந்துவிடும் என்று அறிந்தவன் கண்ணுக்கே படும். இன்னும் சில ஆண்டுகள் கழிந்து, பிறர் கடனுக்குத் தானே பிணைக் கையெழுத்திட்ட ஒருவன் அப்படலத்தைப் படிக்கட்டும். நம்பாத ஒருவனிடம், வாயில்லா ஒரு பிராணிக்காகத் தன்னையே ஈடாக வைப்பதன் பாரம் அவனுக்கு விளங்கும். தாயான ஒருத்தி படித்தால், கன்றைப் பிரிந்து திரும்பும் மானின் ஒவ்வோர் அடியும் அவள் நெஞ்சின் மேல் விழும். இவற்றையெல்லாம் அழித்துவிட்டு, மீண்டும் அந்தச் சிறுவனாகவா வேண்டும் என்கிறீர்கள்?

அறிவுலகின் வரலாறும் நம் பக்கமே சான்று பகர்கின்றது. மருத்துவ மேதை இப்னு சீனா (980-1037) அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் நூலை நாற்பது முறை படித்தும் பொருள் விளங்காமல் தவித்ததாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். பின்னர் புத்தகச் சந்தையில் மூன்று திர்ஹத்துக்குக் கிடைத்த பாராபீயின் சிறு விளக்க நூலைப் படித்ததும் அனைத்தும் தெளிவாயிற்று. ஏன்? மூல நூல் அதற்குள் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. அதை அவர் மறந்திருந்தால் அந்த மூன்று திர்ஹம் வீண் செலவாகியிருக்கும். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் முஸனீ (ரஹ்), தம் ஆசிரியரின் 'ரிஸாலா'வை ஐம்பது ஆண்டுகளாகப் பார்த்து வருவதாகவும், பார்க்குந்தோறும் முன்பு அறியாத ஒன்றைப் பெறுவதாகவும் கூறினார் என்பர். வள்ளுவரோ, பண்புடையார் நட்பு பழகப் பழக இன்பம் தருவதற்கு எதனை உவமை காட்டினார்? திரும்பத் திரும்பப் பயிலப்படும் நூலையே அன்றோ! தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவதே உவமை. மறுவாசிப்பின் இன்பம் அவர் காலத்தில் எல்லாரும் அறிந்த செய்தியாக இருந்ததென்பது இதனால் விளங்கும்.

நம் இல்லங்களில் குர்ஆனை மனனம் செய்தவரை ஹாபிழ் என்கிறோம். 'காப்பவர்' என்பது அதன் பொருள். நேசிப்பதைக் காத்து வைப்பது நம் மரபு. நேசிப்பதை மறக்கத் துடிப்பது என்ன மரபோ, நாம் அறியோம்.

"முதல் அனுபவத்தின் புத்துணர்வு திரும்பாது என்பது உண்மைதானே, அதற்கு ஏங்குவதில் என்ன குற்றம்?" என்று சிலர் கேட்கலாம். திரும்பாது என்பது உண்மையே. ஆனால் அவர்கள் ஏங்குவது நூலுக்கு அன்று. அதைப் படித்த நாளில் தமக்கிருந்த இளமைக்கும் ஓய்வுக்குமே. பழியை ஏன் நூலின் மேல் சுமத்த வேண்டும்? நூல் அதே இடத்தில்தான் இருக்கின்றது. ஒருமுறை படித்து முடித்ததும் 'தீர்ந்துவிட்டது' என்று அலமாரியில் வைத்துப் பூட்டியவர் நாமே.

இனி, சொல்லவேண்டியவற்றுள் முதன்மையானதைச் சொல்வோம். முதல் வாசிப்புக்கு ஏங்குவோர் ஒருபுறம் இருக்க, முதல் வாசிப்பே வாய்க்காத வீடுகள் நம்மிடையே எத்தனை! உமறுப் புலவரின் பெயரைப் பெருமையோடு சொல்லாத தமிழ் முஸ்லிம் அரிது; சீறாவில் ஒரு படலத்தை முழுமையாகப் படித்தவர் அதனினும் அரிது. பிள்ளைகள் அதைச் சந்திப்பது பாடநூலில், சில விருத்தங்களாக, தேர்வுக்குரிய வினாக்களோடு. மதிப்பெண் வாங்கியதும் உறவு முறிகின்றது. 1842 ஆம் ஆண்டு காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அரும்பாடுபட்டு ஏட்டிலிருந்து அச்சேற்றியது, தேர்வுத் தாளில் இரண்டு மதிப்பெண் பெறுவதற்காகவா?

அரபுத்தமிழ் நூல்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அந்த நூல்களை நம் பாட்டிமார் அந்தி வேளைகளில் இராகமிட்டு ஓதினர். ஒரே நூலை ஆண்டுதோறும் ஓதினர். சலிப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. இன்று அவ்வெழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். கடைசி வாசகரும் மறைந்த பின் அந்நூல்களுக்கு மறுவாசிப்பும் இல்லை, முதல் வாசிப்பும் இல்லை. 'முழுவதும் மறந்துவிட வேண்டும்' என்ற விருப்பம் ஒரு சமுதாயத்துக்கு நிறைவேறுவது எப்படியிருக்கும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆகவே ஏக்கத்தை விடுத்துச் செயலில் இறங்குவோம். வாரத்தில் ஓரிரவு, இஷாவுக்குப் பின், வீட்டார் அனைவரும் அமர, சீறாவில் பத்து விருத்தங்களை ஒருவர் உரக்கப் படித்துப் பொருள் சொல்லட்டும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் போன்றோர் எழுதிய உரைகள் துணைக்கு உள்ளன. அரபுத்தமிழ் அறிந்த முதியவர் வீட்டில் இருந்தால், பேரப்பிள்ளைக்கு ஒரு பக்கமேனும் அவர் கற்றுக்கொடுக்கட்டும்.

முதல் வாசிப்பை நாம் திரும்பப் பெற இயலாது; ஆனால் கொடுக்க இயலும். மான் வருமா, வராதா என்று நெஞ்சு துடிக்கும் பருவத்தில் பிள்ளைகள் நம் அருகிலேயே இருக்கின்றனர். அவர்களுக்கு அது முதல் வாசிப்பாகவும், நமக்கு நூறாவது வாசிப்பாகவும் அமையட்டும்.