வி.பி.என். போட்டா ஜெயிச்சிடலாமா?



இடைவேளை மணி அடிச்சா போதும், இப்போ ஒரே பேச்சுதான். "கேம் லேக் ஆகுதா? வி.பி.என். போடுடா, பிங் குறைஞ்சிடும்!" டவுன்லோடு பண்ணாம பிரவுசரிலேயே ஆடுற கேம்கள் 2015-ல் அகார்.ஐஓ வந்ததிலிருந்து நிறைய ஆகிவிட்டன. அதுக்குத் துணையா ஒரு இலவச வி.பி.என். இது தேவையா? தேவையில்லை என்பதே என் கருத்து. வாத்தியார் திட்டுவார் என்பதற்காகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

பிங் என்றால் என்ன? நாம் அழுத்துற பட்டனின் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதைவிட வேகமா எந்தச் செய்தியும் அதில் போகாது.

கேம் சர்வர் சிங்கப்பூரில் இருக்குன்னு வைங்க. ஓசூரிலிருந்து நேர்கோட்டில் 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். போக வர 30 மில்லிசெகண்டாவது ஆகும். இப்போ வி.பி.என். போட்டு நெதர்லாந்து சர்வரைத் தேர்ந்தெடுத்தால்? செய்தி முதலில் ஆம்ஸ்டர்டாம் போகும், அங்கிருந்து சிங்கப்பூர் போகும், அதே வழியில் திரும்பும். 180 மில்லிசெகண்டுக்குக் குறையவே குறையாது! ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிப்காட் போக யாராவது கிருஷ்ணகிரி போய்ச் சுத்திட்டு வருவாங்களா?

"நான் இந்தியா சர்வர்தானே போடுறேன்" என்பீர்கள். வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. உடனே எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு வி.பி.என்., சர்ஃப்ஷார்க் போன்றவை இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அதன் பிறகு எக்ஸ்பிரஸ் வி.பி.என்.னில் "இந்தியா" என்று தேர்ந்தெடுத்தால், உண்மையான சர்வர் சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும்தான் இருந்தது. பெயர்ப் பலகை இங்கே, கடை அங்கே!

நியாயமாகவும் பேசுவோம். அத்திப்பள்ளியில் டிராஃபிக் ஜாம் ஆனால் பாகலூர், சர்ஜாபூர் வழியா பெங்களூரு போறது சீக்கிரம்தான். அதே மாதிரி, நம்ம இணையக் கம்பெனி அனுப்புற பாதை மோசமா இருந்தா வி.பி.என். சில நேரம் உதவும். வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கிற அண்ணன், அக்காக்களுக்கு அது அவசியமும்கூட. ஆனால் அந்தச் செலவைக் கம்பெனி ஏற்கிறது. நம்ம "இலவசம்" யார் காசு?

2015-ல் ஹோலா என்ற இலவச வி.பி.என்.னின் குட்டு உடைந்தது. அதைப் போட்டவர்களின் இணைய இணைப்பை அந்தக் கம்பெனி வேறு ஆட்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அந்த வழியாக ஒரு இணையதளத்தின் மீது தாக்குதல் நடந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை 911 எஸ்5 என்ற கூட்டத்தைப் பிடித்தது. மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என். மாதிரி இலவச வி.பி.என்.களை இறக்கியவர்களின் கம்ப்யூட்டர்கள் வழியாகத்தான் மோசடிகள் நடந்தன. சிக்கிய ஐ.பி. முகவரிகள் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேல்!

தப்பு செய்தவன் எங்கேயோ இருப்பான். விசாரணையில் முதலில் தெரிவது நம்ம வீட்டு முகவரி.

இங்கேதான் நமக்கு ஆபத்து அதிகம். நம்மில் பலர் ஆடுவது அப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்த பிறகு அவர் போனில். சம்பளம் வந்த மெசேஜ், பேங்க் ஓ.டி.பி., ஜிபே எல்லாம் அதில்தான். வி.பி.என். ஆப் பேங்க் பாஸ்வேர்டை நேரா படித்துவிட முடியாது என்பது உண்மை. ஆனால் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது அதுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பிரவுசரில் போடுற எக்ஸ்டென்ஷன் இன்னும் மோசம். எல்லாத் தளங்களிலும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்டால், நாமும் படிக்காமலே "சரி" அழுத்துகிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கு. "கர்நாடகா மாதிரி காட்டி ரம்மி ஆடலாம்" என்பவர்கள். ஜூஜூவாடி தாண்டினால் சட்டம் மாறிவிடும் என்ற நினைப்பு! பணம் கட்டும் விளையாட்டில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு விதி வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்யும் மத்திய சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அது எல்லைக்கு இந்தப் பக்கமும் ஒன்றுதான், அந்தப் பக்கமும் ஒன்றுதான்.

அப்போ லேக்குக்கு என்னதான் வழி?

1. கேமிலேயே பக்கத்து சர்வரைத் தேர்ந்தெடுங்க.
2. வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருங்க.
3. மற்ற டேப்களை மூடுங்க. வீட்டில் யாராவது வீடியோ பார்த்தால் முடியும் வரை பொறுங்க.
4. யாராவது வி.பி.என். பெருமை பேசினால், போட்டும் போடாமலும் பிங் எவ்வளவு என்று எழுதிக் காட்டச் சொல்லுங்க.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஒரு கேமில் தோற்றால் அடுத்த கேம் இருக்கு. அப்பாவின் போனை அடகு வைத்தா ஜெயிக்கணும்? சிந்திப்போம் நண்பர்களே!

- பதினோராம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு

(மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுக்கலாம்.)