மடிக்கணினி வாங்கும் சங்கங்களுக்கு ஒரு யோசனை

குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் நம் அங்கத்தினர் ஒருவரிடம் "நல்ல நூல்" என்று மட்டும் சொல்லி ஒரு கட்டு நூலை விற்றுவிட இயலாது. எத்தனையாம் நம்பர், ஒற்றை இழையா, இரட்டை இழையா, சாயம் நிற்குமா என்று விசாரித்த பிறகே அவர் விலை பேசுவார். சிதம்பரம் வட்டாரத்து உழவரும் அவ்வாறே. விதைநெல் என்றால் போதாது. குறுகிய காலத்து ஆடுதுறை 43 வேண்டுமா, நீண்ட காலத்து சி.ஆர். 1009 வேண்டுமா என்பதை, தம் வாய்க்காலில் வீராணத்து நீர் எத்தனை நாள் வரும் என்று கணக்கிட்டே அவர் முடிவு செய்வார். பெயரை அடுத்து வரும் எண்ணில்தான் பொருளின் குணம் அடங்கியுள்ளது என்பது இவ்விருவருக்கும் கைவந்த அறிவாகும்.

இத்தகையோர் கூடி அமைத்த நம் சங்கங்கள், அலுவலகத்திற்கு ஒரு மடிக்கணினி வாங்கும்போது மட்டும் இந்த அறிவைப் பயன்படுத்தாதிருப்பது வருந்தத்தக்கது.

நாம் அறிந்த நெசவாளர் சங்கம் ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் பழைய மடிக்கணினி ஒன்றைப் புதுப்பித்த நிலையில் வாங்கியது. அதன் மேல் 'கோர் ஐ7' என்ற சீட்டு ஒட்டியிருந்தது. ஐ3, ஐ5, ஐ7 என்னும் வரிசையில் ஏழே பெரிது. ஆகவே இதுவே சிறந்தது என்று நிர்வாக சபையினர் மகிழ்ந்தனர். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு உரிய இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவில் நின்றன. அவ்வாண்டுத் தீபாவளிக்கு அப்போது ஆறே நாட்கள் இருந்தன. தள்ளுபடி விற்பனையும் கூலிப் பட்டியலும் குவிந்திருந்த வேளையில், அந்தக் கணினியின் பிராசசர் விண்டோஸ் 11-க்கு ஏற்றதன்று என்பது தெரிய வந்தது. பணம் கட்டித் திருத்தங்களைப் பெறும் வழி உண்டெனினும், அது சில காலத்திற்கே உதவும். "பிராசசரை மட்டும் மாற்றலாகாதா?" என்று கேட்டனர். அது பலகையோடு பற்றவைக்கப்பட்டது. மாற்ற இயலாது என்ற பதிலே கிடைத்தது.

குற்றம் ஐ7 என்ற பெயரில் இல்லை. அதை அடுத்து வந்த எண்ணைப் படிக்காததில்தான் உள்ளது. ஐ7-7500யு என்பது 2016-ஆம் ஆண்டில் வந்த ஏழாம் தலைமுறைப் பிராசசர். அதில் இருப்பவை இரண்டே கோர்கள். கோர் ஒவ்வொன்றையும் ஒரு தறியாகக் கொண்டால், அது இரண்டு தறி உள்ள கூடமாகும். 2022-இல் வந்த ஐ3-1215யு என்பதோ பன்னிரண்டாம் தலைமுறை. அதில் ஆறு கோர்கள் உள்ளன. பெயரளவில் சிறியதான ஐ3, சங்கத்தின் அன்றாட வேலையில் அப்பழைய ஐ7-ஐ விட மேலானது. இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதற்கொண்டே விண்டோஸ் 11-க்கு உரியவை என்பதை நிர்வாகிகள் மனத்தில் இருத்தவேண்டும்.

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசர்களிலும் இத்தகைய எச்சரிக்கை தேவை. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு ஆகிய இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். ஆனால் மூன்றாம் இலக்கமே உள்ளமைப்பு எக்காலத்தது என்பதைக் காட்டுவது. முன்னது, எண் புதிதாயினும், 2019-இல் அறிமுகமான அமைப்பை உடையது; பின்னது அதற்கு அடுத்த அமைப்பை உடையது. எண்ணின் இறுதியில் வரும் 'யு' மின்சாரத்தைச் சிக்கனமாகக் கொள்வதையும், 'எச்' வேகம் மிகுந்து சூடும் செலவும் கூடியதையும் குறிக்கும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரை கடந்தபின் நம் கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் பல நாட்கள் மின்சாரமின்றித் தவித்ததை நாம் மறக்கவில்லை. பாட்டரி நீடித்து நிற்கும் 'யு' வகையே பெரும்பாலான சங்கங்களுக்குப் போதுமானது.

இனி, பணத்தை எதில் இடுவது என்பதே முக்கியமான கேள்வி. ரேம் என்னும் நினைவகம் கணக்கரின் மேசையைப் போன்றது; எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் பேரேடுகளை வைக்கும் பீரோவைப் போன்றது. மேசை சிறிதாயின், எவ்வளவு கெட்டிக்காரக் கணக்கரும் ஒரு பேரேட்டை மூடி மற்றொன்றைத் திறந்தே காலத்தைக் கழிப்பார். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. போதும் என்பது ஓடுவதற்கான கீழெல்லையே அன்றி, வேலை நடப்பதற்கான அளவன்று. ஐ5-க்குப் பதில் ஐ7 வாங்கச் செலவிடும் தொகையை, 8 ஜி.பி.யை 16 ஜி.பி. ஆக்கவும் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பெறவும் செலவிடுவதே விவேகம் என்பது நம் துணிந்த அபிப்பிராயம்.

கைப்பணம் குறைந்த சங்கம் 8 ஜி.பி.யோடு தொடங்கலாம். ஆனால் பின்னர் ரேம் சேர்க்கக் காலி ஸ்லாட் உண்டா என்று எழுத்து மூலம் உறுதி பெறவேண்டும். சில மடிக்கணினிகளில் ரேமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பின்னர் ஒன்றும் செய்வதற்கில்லை. டி.டி.ஆர்.4 வகைக்குரிய ஸ்லாட்டில் டி.டி.ஆர்.5 பொருந்தாது என்பதும் நினைவிலிருக்கட்டும். பின்னர் மலிவாகும் என்று காத்திருப்பதும் நிச்சயமான லாபமன்று; 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகச் சந்தையில் வெகுவாக ஏறியதைக் கண்டோம். ரேமும் எஸ்.எஸ்.டி.யும் பிறகு கூட்டத்தக்கவை, பிராசசர் கூட்டத்தகாதது. ஆகவே பிராசசரில் தலைமுறையையும், மற்றவற்றில் இடவசதியையும் பார்க்கவேண்டும்.

"அரசாங்கமே கணினி தரும்போது இந்த ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். 2022 ஜூன் 29-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டம், 2,516 கோடி ரூபாய்ச் செலவில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவது. நெசவாளர் சங்கங்கள் அத்திட்டத்தில் அடங்கியவை அல்ல. அவை தங்கள் சொந்த நிதியிலிருந்தே வாங்கவேண்டியவை. கடன் சங்கங்களும் பின்னர் கூடுதலாக வாங்குவதைத் தாமே தேர்ந்தாகவேண்டும். அன்றியும், அத்திட்டத்தின் பொது மென்பொருள் இணையம் வழி இயங்குவது. அதற்கு மிகப் பெரிய பிராசசர் அவசியமில்லை என்பதும் நம் கருத்துக்கு ஆதரவே. புவனகிரிப் பட்டுக்கு ஜக்கார்டு வடிவங்களைக் கணினியில் வரைய முற்படும் சங்கத்திற்கு மட்டும் ஐ5-உம் 16 ஜி.பி.யும் தொடக்க அளவாக இருக்கட்டும்.

"குறைந்த விலைப்புள்ளியையே ஏற்கவேண்டும், இல்லையேல் தணிக்கையில் ஆட்சேபம் வரும்" என்பது மற்றொரு தடை. இது நியாயமான அச்சமே. ஆனால் விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் 'மடிக்கணினி ஒன்று' என்று எழுதினால், மிக மட்டமானதே மிக மலிவாக வரும். பிராசசரின் முழு எண், ரேமின் அளவு, காலி ஸ்லாட், எஸ்.எஸ்.டி., உத்தரவாத ஆண்டுகள், கடலூருக்கோ சிதம்பரத்திற்கோ நேரில் வந்து பழுது பார்க்கும் வசதி ஆகிய இவ்வளவையும் முதலிலேயே எழுதிவிட்டால், சமமான பொருள்களுள் குறைந்த விலையையே நாம் தேர்ந்தவராவோம். தணிக்கையாளரும் அதை மறுப்பதற்கில்லை.

சங்கத்தின் பணம் தறிக்காரரின் கூலியிலிருந்தும் உழவரின் பங்குத் தொகையிலிருந்தும் சேர்ந்தது. அவர்களுடைய கடனும் சேமிப்பும் கூலியும் இனி அந்தக் கணினிக்குள்ளேயே எழுதப்படும். ஆகையால் அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில், வாங்கும் முன் மேற்கண்ட விவரங்களைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுமாறு நிர்வாகிகளை வேண்டுகிறோம். அங்கத்தினர்களும் பொதுப்பேரவையில், "எத்தனையாம் தலைமுறை? ரேம் கூட்ட இடமுண்டா?" என்று கேட்கத் தயங்கலாகாது. நூலின் நம்பரைக் கேட்க நாம் யாரும் வெட்கப்படுவதில்லை அல்லவா?