பிணை நிற்க யார் வருவார்?

முதல் முறையாகத் தவறு செய்து பிடிபட்டவனைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைப் பிணையில் விட்டுத் திருந்த வாய்ப்பளிக்கும் சட்டம் நம் நாட்டில் 1958 முதல் இருக்கிறது. சென்னை மாகாணம் அதற்கும் முன்பே, 1936-இல், இப்படி ஒரு சட்டத்தை இயற்றியது. ஆனால் தில்லிக்குப் பிழைக்க வந்த ஏழைத் தமிழனுக்கு இந்தச் சலுகை எட்டுமா என்றால், எனக்குச் சந்தேகந்தான்.

சட்டத்தின் 4-ஆவது பிரிவைப் பாருங்கள். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் தவிர மற்றவற்றில், 3 ஆண்டுக்கு மிகாமல் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் ஒருவரை விடலாம். தாராளமான ஏற்பாடுதான். கூடவே ஒரு நிபந்தனை: அவனுக்கோ அவனுக்காக ஜாமீன் நிற்பவருக்கோ நிலையான இருப்பிடமோ ஒழுங்கான வேலையோ இருக்க வேண்டும். இங்கேதான் இடறுகிறது.

ஜங்புரா மதராஸி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டது. நரேலாவில் மாற்று வீடு ஒரு பகுதியினருக்கே. வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து மானமாக வாழ்ந்த குடும்பங்கள் அவை. அப்படியொரு வீட்டுப் பையன் சேர்க்கை சரியில்லாமல் ஒரு திருட்டு வழக்கில் மாட்டிக்கொண்டால், எந்த முகவரியைச் சொல்வான்? நன்னடத்தை அலுவலர் வீட்டு நிலைமையை விசாரிக்க வந்தால், இந்தி சரளமாக வராத தாய் என்ன சொல்லிப் புரியவைப்பாள்?

தேவைப்பட்டால் வேலை தேடித்தர முயல்வதும் அந்த அலுவலரின் கடமை என்கிறது 14-ஆவது பிரிவு. இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12-ஆவது பிரிவு. வேலை கொடுப்பவர் காதில் அது ஏறவேண்டுமே!

“திருடனுக்குச் சங்கம் பரிந்து பேசினால் நம் பெயர் கெடாதா?” என்று சில அன்பர்கள் கேட்பார்கள். பெயர் கெடுவது பையன் கேடிகளோடு சிறையில் இருந்து, தொழில் கற்றுக்கொண்டு வெளியே வரும்போதுதான். பொருளைப் பறிகொடுத்தவரை மறந்துவிடவும் நான் சொல்லவில்லை. நஷ்டஈடு கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு 5-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. கையில் வேலை இருப்பவன்தானே அதைக் கட்ட முடியும்?

சட்டமும் நமக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. மாநில அரசு அங்கீகரித்த ஒரு சங்கம் தருகிற நபரையே நன்னடத்தை அலுவலராக ஏற்கலாம் என்கிறது 13-ஆவது பிரிவு. விழாக்களுக்கு அரங்கம் பிடிக்க அலைகிற நாம், இதற்கு ஒரு மனு எழுதிப் பார்த்திருக்கிறோமா?

ஜாமீன் நிற்பது விளையாட்டல்ல. பையன் பத்திரத்தை மீறினால் தொகை நம் தலையில் விழும். ஆகவே ஒருவர் மேல் சுமத்தாமல் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சிறு நிதி வைக்கலாம். நம்மில் வக்கீல்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு அவர்கள் ஒதுக்கினால் போதும். கரோல் பாக்கில் கடை வைத்திருப்பவர்களும் கேட்டரிங் நடத்துபவர்களும் ஆளுக்கு ஒரு பையனுக்கு வேலை கொடுத்தால், நீதிமன்றத்தில் காட்ட அவன் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.